தேனம்மை ஆச்சி சம்பளத்துக்குப் போன கதை

தேனம்மை ஆச்சி சேவை செய்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆச்சி வேலை பார்த்தார். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கினார். சம்பளம் பிந்தினால் பள்ளிக்கூடத் தாளாளர் அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார், பணம் கைக்கு வரும்வரை எழமாட்டார். எழுபத்தெட்டாம் வருஷம் அவர் ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்தில் மாலை போட்டு, மேடையில் உட்காரவைத்து, ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து 'தன்னலமற்ற சேவை' என்று உருகினார்கள். நான் கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஆச்சியே மைக்கை வாங்கி, "சேவையெல்லாம் இல்ல. வேலைதான் பாத்தேன். சம்பளம் குடுத்தீக, வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். கூட்டம் சிரித்தது. அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அது அடக்கம் இல்லை. அந்தச் சம்பளத்தை வாய் திறந்து கேட்க அந்த அம்மாள் பட்ட பாடு எனக்குத் தெரியும். கேட்டுப் பழகியபோது எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

என் பெயர் செம்மலை. அறுபத்தேழாம் வருஷம் எனக்கு வேலை போயிருந்தது. தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் புக்கிங் கிளார்க்காக இருந்தேன். முதலாளியின் மைத்துனன் என்னை 'டேய்' என்று கூப்பிட்டான். நானும் அவனை அப்படியே கூப்பிட்டேன். மறுநாள் என் ஜன்னலில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். என் தலையெழுத்து சரியில்லை என்றார் மாமனார். தலையெழுத்து என்ற பேச்சை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வீட்டுப் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் காரைக்குடியில் செக்காலை ரோட்டில் ஒச்சம்மாள் நடத்திய கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ஒச்சம்மாள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் மிஷின்களுக்கெல்லாம் உறை போட்டு மூடிவிட்டு, வேலை தேடுகிறவர்களைக் கூட்டி உட்காரவைப்பார். எங்களில் பாதிப் பேரைவிட வயதில் சின்னவர். இருந்தாலும் அவரை 'அவள்' என்று எழுத எனக்குக் கை வராது. அவருடைய அம்மா செட்டியார் வீடுகளின் பின்கட்டில் பாத்திரம் துலக்கியவர். இவர் படித்து மெட்ராஸுக்குப் போய், பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தேடிக்கொடுத்த ஒரு சங்கத்தில் டைப்பிஸ்டாக இருந்தார். அங்கே யாருக்கு வேலை கிடைக்கிறது என்று கவனித்தாராம். ரொம்பப் படித்தவர்களுக்கு என்றில்லை, கெட்டிக்காரர்களுக்கு என்றும் இல்லை, முறையாகத் தேடியவர்களுக்குத்தான் கிடைத்தது. சமையலுக்கு ஒரு முறை இருக்கிற மாதிரி வேலை தேடுவதற்கும் ஒரு முறை உண்டு என்பது அவர் கட்சி.

அந்த முறை லேசானதில்லை. வாரம் முழுக்கப் புது ஆட்களைப் போய்ப் பார்க்க வேண்டும். சொந்தக்காரர்கள் கணக்கில் சேரமாட்டார்கள். போன இடத்தில் வேலை காலியா என்று கேட்கக் கூடாது. உங்கள் வேலை எப்படி நடக்கிறது, அதில் என்ன தலைவலி என்றுதான் விசாரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து எல்லார் முன்னாலும் ஒப்பிக்க வேண்டும். போகாமலே போனேன் என்று புளுகினால், "அந்த ஆபீசு வாசல் எங்குட்டுப் பாத்து இருக்கு?" என்று ஒரே கேள்வியில் பிடித்துவிடுவார். இன்ன இடத்தில் ஆள் தேவை என்று தெரிந்துவிட்டால் ஒத்திகை. ஒருவர் முதலாளியாக உட்கார வேண்டும், ஒருவர் வேலை கேட்க வேண்டும். முதலாளி வேஷம் பெரும்பாலும் எனக்குத்தான் வரும். முதலாளிகள் மேல் எனக்கிருந்த எரிச்சலுக்கு அதை நன்றாகவே செய்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த மாடிப்படியில் தேனம்மை ஆச்சி ஏறி வந்தார். கண்டாங்கிச் சேலை, காதில் வைரத்தோடு, பார்த்ததுமே செட்டியார் வீட்டு ஆச்சி என்று தெரிந்தது. நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டோம். யாரும் சொல்லவில்லை, கால் தானாக எழுந்துவிட்டது. ஜவுளிக்கடைக்கு வந்தவர் மாடி மாறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஒச்சம்மாள் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை.

"பர்மாவுலேர்ந்து வந்தவுகளுக்கு ஏதோ ஏற்பாடு பண்றதாச் சொன்னாக. இங்கதானா?" என்றார் ஆச்சி.

"என்ன ஏற்பாடு ஆச்சி?"

"அதுதான்... ஏற்பாடு."

"யாருக்கு? உங்க வீட்டு ஐயாவுக்கா?"

ஆச்சி இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப உங்களுக்கா?"

ஆச்சி தரையைப் பார்த்தார். ஒச்சம்மாள் எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் எதுக்கு நிக்கிறீக? உக்காருங்க. ஆச்சியும் நம்மள மாதிரி வேலை இல்லாதவுகதான்" என்றார். வேலை இல்லாதவுக என்ற சொல் ஆச்சியைச் சுட்டிருக்க வேண்டும். படிப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெஞ்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவருடைய நிலைமை எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. நாச்சியாபுரத்தில் அவர்களுக்குப் பெரிய வீடு. செட்டிநாட்டில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைப்பார்கள். வேறு என்றால் வேறு வீடு இல்லை. அதே வீடு, அதே முற்றம், அடுப்பு மட்டும் வேறு. மருமகளுக்கு ஒரு அறையும் ஒரு அடுப்பும் கொடுத்து, வருஷத்துக்கு இன்னின்ன சாமான் என்று அளந்து போட்டு, இனிமேல் உன் பாடு என்று விட்டுவிடுவார்கள். தேனம்மை ஆச்சிக்குப் பதினேழு வயதில் அந்த அடுப்பு வந்தது. அன்றிலிருந்து அது அணைந்ததில்லை.

கணவர் பெரியகருப்பன் பர்மாவில் வேறொரு செட்டியாரின் வட்டிக்கடைக்கு, இத்தனை வருஷத்துக்கு இன்ன சம்பளம் என்று சம்பளச்சீட்டு எழுதிக் கொடுத்துப் போனவர். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார், மறுபடி சீட்டு எழுதிப் போவார். அறுபத்து நாலில் அங்கே கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது வெறுங்கையோடு கப்பலில் வந்து இறங்கினார். வந்தவர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் நிறுத்தியே விட்டார். காலையில் ரேடியோவைத் திருப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அங்கேயேதான்.

அவருடைய தம்பி அழகுசுந்தரம் உள்ளூரிலேயே மரக்கடை வைத்துப் பிழைத்துக்கொண்டவர். அவர்தான் ஆச்சி மாடியேறிய அந்த வருஷம் ஒரு யோசனை சொன்னார். "அண்ணனும் அண்ணமிண்டியும் இனி எங்க அடுப்புலயே சாப்புட்டுக்கட்டும். வர்ற பொங்கலுக்கு முற்றத்துல ஒரே பானை போதும்." அண்ணமிண்டி என்றால் அண்ணன் மனைவி. வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று தோன்றும். ஆனால் பொங்கலன்று ஒவ்வொரு அடுப்புக்காரரும் முற்றத்தில் தனித்தனியாகப் பானை வைப்பது அந்த வீட்டு வழக்கம். பானை இல்லையென்றால் அந்தக் குடும்பம் கணக்கில் இல்லை. அப்புறம் மோர் வேண்டுமென்றாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

"என் அடுப்பை நான் அணைக்க மாட்டேன்" என்றார் ஆச்சி எங்களிடம். "நகையை வித்துச் சாப்புட்டா அது எத்தனை நாளைக்கு? தோடு போனா அடுத்து அடுப்புதான் போகும். மாசாமாசம் வர்ற மாதிரி ஒரு வழி வேணும். அதுக்குத்தான் படியேறுனேன்."

வந்த முதல் நாளே ஒச்சம்மாள் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இதுவரைக்கும் என்ன வேலை செஞ்சிருக்கீக?"

"நான் என்னத்தச் செஞ்சேன், வீட்டுல இருந்தேன்."

"வீட்டுல இருந்துக்கிட்டு என்ன செஞ்சீக?"

"எல்லாரும் செய்யிறதுதான்."

"எல்லாரும் செய்யிறதைக் கேக்கலை. நீங்க செஞ்சதுல ஒண்ணு சொல்லுங்க. முழுசாச் சொல்லணும்."

ஆச்சி யோசித்து, ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்தைச் சொன்னார். முகூர்த்தத்தன்று விடியற்காலையில் தலைமைச் சமையல்காரருக்கும் வீட்டு மனிதர்களுக்கும் சண்டை. அவர் கரண்டியைப் போட்டுவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆச்சி பின்வாசலில் போய் வழியை மறித்து நின்றாராம். "போறதாயிருந்தா நீங்க மட்டும் போங்க, ஆளுகளை விட்டுட்டுப் போங்க. சம்பளம் ரெட்டிப்பா அவுகளுக்குக் குடுக்கிறோம்." ஆட்கள் திரும்பிவிட்டார்கள். ஆட்கள் திரும்பியதும் தலைமைச் சமையல்காரரும் திரும்பிவிட்டார். யாருக்கும் பந்தியில் ஒரு குறை தெரியவில்லை. சொல்லி முடித்தபோது எங்களுக்கு வாயில் எச்சில் ஊறியிருந்தது, ஏனென்றால் இடையிடையே என்னென்ன பதார்த்தம் என்றும் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இதுக்கு ஊருல சம்பளம் குடுக்கிறாக ஆச்சி" என்றார் ஒச்சம்மாள். "பொம்பளைப் பிள்ளைக ஹாஸ்டல் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. சமையக்கட்டை மேய்க்க ஆளில்லாம முழிக்கிறாக. விசாரிச்சிட்டு வாங்க. சொந்தக்காரவுககிட்டக் கேக்கக் கூடாது."

"சொந்தக்காரவுக இல்லாத யாரையும் எனக்குத் தெரியாதே!"

"காய்கறி யாருகிட்ட வாங்குறீக? அவரு உங்களுக்குச் சொந்தமா?"

காய்கறிக்காரரிடம்தான் விஷயம் இருந்தது. காரைக்குடியிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து விடுதிக்கு அவர்தான் காய் போட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். விடுதி மெஸ்ஸைக் கவனித்துக்கொண்டிருந்த அம்மாள் மகன் வீட்டோடு போய்விட்டார் என்றும், சமையல்காரர்கள் வைத்ததே சட்டம் என்றும், பிள்ளைகள் சாப்பிடாமல் தட்டை நகர்த்துகிறார்கள் என்றும் சொன்னார். ஆச்சி அதை வந்து எங்களிடம் ஒப்பித்தபோது முகத்தில் அப்படி ஒரு களை. "தாளாளரைப் போய்ப் பாருங்க" என்றார் ஒச்சம்மாள். ஒத்திகை பார்த்துவிட்டுப் போகலாம் என்றதற்கு ஆச்சி சிரித்தார். மனிதர்களிடம் பேச அவருக்கு ஒத்திகை வேண்டுமா என்ன?

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தவரின் முகத்தில் ஈயாடவில்லை.

நடந்தது இதுதான். ஒரு இடத்துக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் ஆச்சிக்குக் கிடையாது. வெள்ளித் தட்டில் பழம், வெற்றிலை, பூவெல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு, தோடு மின்ன, ரிக்‌ஷாவில் போய் இறங்கியிருக்கிறார். பியூன் உள்ளே ஓடினான். தாளாளர் வாசலுக்கே வந்து கும்பிட்டார். காப்பி வந்தது. புதுச் சமையல்கூடம் கட்டப்போவதாகச் சொல்லிப் பிளானை விரித்துக் காட்டினார். பெரியவர்கள் மனசு வைத்தால்தான் நடக்கும் என்றார். ஆச்சி, "சமையக்கட்டைப் பாத்துக்க ஆளில்லைன்னு கேள்விப்பட்டேன்" என்று தொடங்கினார். ஆமாம், பாத்திரங்கூடப் போதவில்லை என்று அவர் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் என்ன சொல்வது? ஆச்சி தன் சீர்ச் சாமானிலிருந்து பெரிய அண்டா ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வேலை கேட்கப் போனவர் நன்கொடை கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்! எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசி பெஞ்சியில் இருந்த ஒருவர் தரையில் சரிந்து உட்கார்ந்து சிரித்தார். ஒச்சம்மாளுக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது.

"சிரிக்கிறவுக எல்லாம் வெளிய போங்க" என்று எங்களை அதட்டிவிட்டு ஆச்சியிடம் திரும்பினார். "எதுக்குப் போனீக?"

"நீதானே போகச் சொன்னே?"

"வேலைன்னு அவருகிட்டச் சொன்னீகளா? அந்த வார்த்தை வாயில வந்துச்சா?"

"எப்படிம்மா சொல்லுவேன்? எங்க பக்கம் யாரும் வாய்விட்டுக் கேக்குறதில்ல. கோடி காட்டுனாப் புரிஞ்சுக்கிருவாக. இன்னாரு பையன் சும்மா இருக்கான்னு கோயில்ல வச்சு ஒருத்தரு சொல்லுவாரு. மறு வாரம் பையன் கப்பல்ல இருப்பான்."

"அது உங்க ஆளுக. அவுகளுக்குப் புரியும். அந்தத் தாளாளருக்கு உங்க தோட்டைப் பாத்தா நன்கொடைதான் புரியும்."

ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்றார். "தோட்டைக் கழட்டி வச்சிட்டு, பழைய சேலையக் கட்டிக்கிட்டு, இல்லாதவ மாதிரிப் போயி நிக்கச் சொல்றியா? அது நடக்காது. நான் பிச்சை கேக்கப் போகலை."

"தோட்டை யாரு கழட்டச் சொன்னா?" ஒச்சம்மாளும் எழுந்துவிட்டார். "தோடு அங்கேயே இருக்கட்டும். வாயத் தெறங்க. அது போதும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊரில் பாத்திரம் துலக்கியவர் மகள் ஒரு ஆச்சியைப் பார்த்து வாயத் தெறங்க என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆச்சி போய்விடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். போகவில்லை. "என்னன்னு தெறக்கணும், சொல்லு" என்றார்.

"எனக்கு வேலை வேணும். சம்பளத்துக்கு. இவ்வளவுதான். சொல்லிட்டு வாய மூடிக்கிறணும். எதிராளி பேசுற வரைக்கும் பேசக் கூடாது. செம்மலை அண்ணே, தாளாளரா உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஆச்சி எதிரே உட்கார்ந்தார். "எனக்கு..." என்று ஆரம்பித்தார். "எனக்கு ஏதாவது ஒரு..." என்றார். ஒச்சம்மாள் மறுபடி என்றார். "இங்க ஆளு தேவைன்னு..." மறுபடி. 'வேலை' வரும்போது 'சம்பளம்' வராது. 'சம்பளம்' வரும்போது குரல் தேய்ந்து காற்றாகிவிடும். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை, போதும் விட்டுவிடலாம் என்றேன். "நீங்க தாளாளரு. உங்களுக்கு மனசு இருக்கக் கூடாது" என்று ஒச்சம்மாள் என்னையும் அதட்டினார். அன்றைக்கு அந்த வாக்கியம் வரவேயில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் ஒத்திகையில் இருந்தபோது அழகுசுந்தரம் செட்டியார் மாடியேறி வந்தார். செய்தி எட்டிவிட்டது. செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், "அண்ணமிண்டி, கார் கீழே நிக்கிது. வாங்க வீட்டுக்கு" என்றார்.

ஆச்சி நாற்காலியிலிருந்து எழவில்லை.

"ஊருக்குள்ள தலை காட்ட முடியலை. உங்க வீட்டுப் பொம்பளை சம்பளத்துக்குப் போறாகளாமேன்னு கேக்குறாக. நான் சோறு போட மாட்டேன்னா சொன்னேன்? உங்களுக்கு என்னதான் வேணும்?"

அதுவரை இரண்டு வாரமாக வராதது அப்போது வந்தது. தெருவுக்குக் கேட்கிற குரலில் வந்தது.

"எனக்கு வேலை வேணும். சம்பளத்துக்கு."

அழகுசுந்தரம் திகைத்துப்போனார். "என்ன பேச்சு இது?"

"உங்க அண்ணன் சம்பளத்துக்குப் போகலையா? உங்களைப் பெத்த அப்பச்சி போகலையா? அடுத்தவுக கடைக்குச் சீட்டெழுதிக் குடுத்துட்டுக் கடலைத் தாண்டிப் போனாக. மேளதாளத்தோட வழியனுப்புனோம். நான் நாச்சியாபுரத்துலேர்ந்து பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போறேன். அதுல என்ன தலைகுனிவு உங்களுக்கு? கார் நின்னா நிக்கட்டும். நான் பஸ்ஸுல வாரேன்."

சொல்லிவிட்டு ஆச்சி வாயை மூடிக்கொண்டார். ஒச்சம்மாள் சொன்னபடியே எதிராளி பேசும்வரை காத்திருந்தார். படியில் இறங்கிப் போகிற செருப்புச் சத்தம்தான் கேட்டது. நாங்கள் கைதட்டினோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

ஆச்சி மறுபடி தாளாளரைப் பார்க்கப் போனார். தோடு இருந்தது, தட்டு இல்லை. திரும்பி நேராகச் செக்காலைக்கு வந்து, என்னைத் தாளாளராக உட்காரவைத்து, நடந்ததை அப்படியே நடித்துக் காட்டினார். தாளாளர் இந்தத் தடவையும் காப்பி சொல்லியிருக்கிறார். அண்டா எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார்.

"அண்டா வரும். சொன்ன சொல்லு சொன்னதுதான். இப்ப வேற விசயமா வந்தேன். உங்க மெஸ்ஸைப் பாத்துக்க ஆளில்ல. எனக்கு அது தெரியும். எனக்கு வேலை வேணும். சம்பளத்துக்கு."

தாளாளர் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஆச்சி வந்து பார்த்துக்கொள்வது பள்ளிக்கூடத்தின் பாக்கியம், சம்பளம் என்று கொடுத்து ஆச்சியைச் சின்னப்படுத்த வேண்டாம், கௌரவ மேற்பார்வையாளர் என்று போர்டில் பெயர் எழுதிவிடலாம் என்றார்.

பாருங்கள், இதுதான் இவர்களுடைய சாமர்த்தியம். அண்டாவும் வேண்டும், ஆளும் வேண்டும், சம்பளம் மட்டும் கூடாது. மாலையை முன்கூட்டியே போட்டுவிடுவார்கள்.

ஆச்சி சொன்னாராம்: "கௌரவம் எங்க வீட்டுல நெறையக் கெடக்கு. அதை ஒலையில போட்டாச் சோறாக மாட்டேங்குது. முன்னால இருந்த அம்மாளுக்கு என்ன குடுத்தீகளோ அதைக் குடுங்க. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

அப்புறம் வாயை மூடிக்கொண்டார். தாளாளர் ஜன்னலைப் பார்த்தார். பேனாவை உருட்டினார். பியூனைக் கூப்பிட்டுக் காரணமில்லாமல் திருப்பி அனுப்பினார். ஆச்சி அசையவில்லை. "எந்திரிச்சு ஓடிரலாமான்னு இருந்துச்சு. இந்த ஒச்சம்மா மொகந்தான் கண்ணுல நின்னுச்சு" என்றார் எங்களிடம். கடைசியில் தாளாளர் பேசினார். கார்த்திகை முதல் தேதியிலிருந்து வரச் சொன்னார்.

அன்றைக்கு ஒச்சம்மாள் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "இனிமே ஒத்திகைக்கு ஆச்சியத்தான் கூப்பிடணும்" என்றார்.

தைப் பொங்கலுக்கு ஆச்சி ஒச்சம்மாளையும் என்னையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். நாச்சியாபுரம் போய் இறங்கி, அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் ஒச்சம்மாளின் கால் தயங்கியது. சின்ன வயதில் அம்மாவோடு இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பின்பக்கத்துச் சந்து வழியாகத்தான் போய்ப் பழக்கம். ஆச்சி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து முன்கட்டு வழியாக உள்ளே கூட்டிப்போனார். "எனக்கு வேலை தேடச் சொல்லிக் குடுத்தவுக இவுகதான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். இவுக என்றார். கவனித்தேன்.

முற்றத்தில் இரண்டு இடத்தில் அடுப்பு கூட்டியிருந்தது. ஒன்று அழகுசுந்தரத்துடையது. மற்றது ஆச்சியுடையது. அந்த அடுப்புக் கல்லையெல்லாம் காலையில் பெரியகருப்பன் செட்டியாரே எடுத்துவந்து வைத்ததாக ஆச்சி என் காதில் சொன்னார். செட்டியார் வழக்கம்போல ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனால் ரேடியோ பாடவில்லை.

ஆச்சியின் பானைதான் முதலில் பொங்கியது. அழகுசுந்தரத்துக்குப் பொறுக்கவில்லை. யாரையும் பார்க்காமல், "சம்பளக் காசுல வச்ச பொங்கல், அதான் அவசரப்படுது" என்றார். ஆச்சி கரண்டியோடு நிமிர்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் வேறொரு குரல் கேட்டது. உபயோகிக்காமல் கிடந்ததால் கரகரத்துப்போன குரல்.

"நான் பர்மாவுலேர்ந்து அனுப்புனது என்ன காசுடா?"

முற்றமே நிமிர்ந்து பார்த்தது. பெரியகருப்பன் செட்டியார் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"சம்பளக் காசுதான். உன்னைப் படிக்க வச்சது, உன் மரக்கடைக்கு மொதல் போட்டது, எல்லாம் சம்பளக் காசு. அந்தக் காசுல வச்ச பொங்கலை இத்தனை வருசம் தின்னியே, அப்பக் கசக்கலையா?"

அழகுசுந்தரம் தன் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தார். ஆச்சி முதல் இலையை ஒச்சம்மாளுக்குப் போட்டார். சாப்பிடும்போது ஒச்சம்மாள் தலையை நிமிர்த்தவேயில்லை. அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பொங்கல் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை செக்காலை மாடியில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஆச்சி வேலைக்குப் போயிருந்தார். எனக்கும் ஒரு நூற்பாலையில் நேரக் கண்காணிப்பு வேலைக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, அதற்கான ஒத்திகை. மாடிப்படியில் மெதுவாக ஏறிவருகிற சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டியும் சட்டையுமாகப் பெரியகருப்பன் செட்டியார் வந்து நின்றார். இந்தத் தடவை நாங்கள் யாரும் எழுந்து நிற்கவில்லை. பெஞ்சியில் நகர்ந்து இடம் விட்டோம்.

"வாங்க ஐயா. உக்காருங்க" என்றார் ஒச்சம்மாள். "என்ன விசயமா வந்தீக?"

செட்டியார் உட்கார்ந்தார். கையிலிருந்த மேல்துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். பிறகு ஒச்சம்மாளை நேராகப் பார்த்தார்.

"எனக்கு வேலை வேணும்" என்றார். "சம்பளத்துக்கு."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.